பந்தி எழும்பும் நேரம்

திருவிருந்து வாங்க முன் பெஞ்சுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். இப்படியே ஒவ்வொரு பெஞ்சாகக் கரைந்து கரைந்து என் பெஞ்சுக்கு வரும், அதற்குள் இந்த வலது முழங்காலிடம் நான் பேசி முடித்துவிட வேண்டும். கேட்கிறதா உனக்கு, என்று சேலைக்கு மேலாகவே அதைத் தடவிக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் ஹில்டா மிஸ் முக்காட்டுக்குள் ஜெபிக்கிறாள் என்று நினைப்பார்கள். ஜெபம்தான், வேறென்ன. பீடத்துக்கு முன்னால் தேக்குக் கிராதி, அதன் அடியில் சிவப்பு மெத்தை, மெத்தையில் வரிசையாக முழங்கால்கள். ஐயர் அப்பத் தட்டோடு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல நடக்கிறார், அவருக்குப் பின்னால் உதவி ஐயர் கிண்ணத்தைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டு வருகிறார். என் மகன் ராபின் இந்த இடத்தைச் சர்ச் என்பான். பாளையங்கோட்டையில் எங்களுக்கு எப்போதும் கோவில்தான், பாதிரியார் ஐயர்தான். எல்லாரும் வாங்கி முடித்ததும் ஐயர் கையை உயர்த்தி, சமாதானமாகப் போகச் சொல்லுவார், பந்தி மொத்தமும் ஒன்றாக எழும்பும். ஒருத்தி எழும்பாமல் கிடந்தாலும் மற்றவர்கள் அப்படியே நிற்பார்கள், அடுத்த பந்தி நகராது, கோவிலே அவளைப் பார்க்கும். அந்த ஒருத்தியாக நான் ஆகக் கூடாது. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பெஞ்சில், ராபின் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பீடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். கோயம்புத்தூரில் இருதய டாக்டர். ஒரு பெஞ்சு தூரத்திலிருந்தே என் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த பார்வை.

நேற்றுச் சாயங்காலம் காப்பி ஆறிக்கொண்டிருந்தபோதுதான் பேச்சு முற்றியது. "ஐயர்கிட்ட சொல்லிட்டேம்மா, உங்களுக்குப் பெஞ்சுக்கே கொண்டு வந்து கொடுப்பாங்க" என்றான், ஏதோ எனக்கு உபகாரம் செய்துவிட்டவன் போல. எனக்கு மூக்கு நுனி சூடாகிவிட்டது. பெஞ்சுக்கு வரும் அப்பம் யாருக்கு என்று இந்தக் கோவிலில் எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டில் ஃபேனுக்குக் கீழே ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்தவர்கள் அதன் பிறகு நடுவுக்குத் திரும்பி வந்ததில்லை. கடைசிப் பந்தி முடிந்ததும் ஐயர் படியிறங்கி அவர்களிடம் போவார், குரல் தணிந்துவிடும், குழந்தைகளிடம் பேசுவது போலக் கொஞ்சம் சிரிப்பார். அந்தச் சிரிப்பை என் மேல் விழ விட மாட்டேன். "என் காலுக்கு நீ என்னடே பேசப் போற?" என்றேன். "தரையில விழுந்தா உங்களால எழும்ப முடியலையேம்மா. போன மாசம் பார்த்தோமே. எழும்ப முடியாதவங்க தனியா இருக்கக் கூடாது. கிளம்புங்க, கோயம்புத்தூர்ல அறை தயாரா இருக்கு." நானும் விடவில்லை. "நாளைக்குப் பந்திக்குப் போவேன். முழங்கால் போடுவேன். யார் துணையும் இல்லாம எழும்பி வருவேன். வந்துட்டா கோயம்புத்தூர்ப் பேச்சை அதோட விட்டுரணும்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தால் யோசிக்கிறான் என்று அர்த்தம், இவன் அப்பாவும் அப்படித்தான். "எழும்ப முடியலன்னா?" "உன் கார்ல ஏறிக்கிறேன்." "கிராதியைப் பிடிச்சுக்கலாமா?" "அது எல்லாரும் பிடிக்கிறது. பிடிக்கலாம். ஆளைப் பிடிக்க மாட்டேன்." சொன்ன பிறகு வாய்க்குள் காப்பி கசந்தது. வாக்கு வெளியே போய்விட்டது, முழங்காலைக் கேட்காமலேயே.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோவிலுக்குப் போகிறவர்களுக்கு ஆயுசு கெட்டி என்று எனக்குப் படித்துக் காட்டியவனும் இவனேதான். போனில் ஏதோ கட்டுரை. எங்கோ வெளிநாட்டில் நிறையப் பேரை நெடுநாள் கவனித்தார்களாம், தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாம், மனச்சோர்வு குறைவாம், சாவும் கொஞ்சம் தள்ளியே வருகிறதாம். "பாருங்கம்மா, உங்க கட்சிதான் ஜெயிச்சிருக்கு" என்று சிரித்தான். பெண்கள் கல்லூரியில் முழு உத்தியோக காலமும் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் வந்து சொல்லுகிறான். குடை விற்கிற மாதத்தில்தான் தவளையும் கத்துகிறது, குடை போய்த் தவளையைக் கத்தச் சொல்லவில்லை. முதல் வருஷப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் ஒருத்தி தவளை போலக் கத்துவாள், நான் காதில் விழாதது போல இருப்பேன். நடக்க முடிகிறவர்கள் கோவிலுக்கு வருகிறார்கள், முடியாதவர்கள் வீட்டில் கிடக்கிறார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, கோவில்தான் கால் கொடுத்தது என்றால் எப்படி? அதைச் சொன்னேன். "அதையெல்லாம் கழிச்சுப் பார்த்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்காம்மா" என்றான். அந்த மிச்சம்தான் அன்றையிலிருந்து எனக்குள் கிடந்து உறுத்துகிறது, பல்லில் மாட்டிய நார் மாதிரி. என்ன மிச்சம்? பாட்டா? மூச்சை நெஞ்சின் அடி வரை இழுத்து, அடக்கி, வரி முடியும்வரை சிந்தாமல் விடுகிறோமே, அதுவா? எழும்பி நில், உட்கார், முழங்கால் போடு, எழும்பு என்று ஒரு ஆராதனை முழுக்க இந்த உடம்பைச் சும்மா விடாமல் வேலை வாங்குகிறார்களே, அதுவா? காலையில் கஞ்சி போட்ட சேலையை விரிக்கும்போது வருகிற அந்த மொடமொட சத்தமா? கடவுள்தான் மிச்சம் என்று ஐயர் சொல்வார். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு வருவதில்லை. வந்திருந்தால் பியூலாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பியூலா என் அக்கா. திடப்படுத்தலுக்கு, முதல் தடவை அப்பம் வாங்கிய அன்று, இதே கிராதியில்தான் வெள்ளைச் சேலையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அவள் எழும்பியது எனக்குத் தெரியவே இல்லை, தண்ணீரிலிருந்து கொக்கு எழும்புவது போல ஒரு சத்தமும் இல்லாமல். நான் எழும்பும்போது சேலையை மிதித்துத் தடுமாறினேன், அவள் கண்ணுக்குள்ளேயே சிரித்தாள். ஒரு ஞாயிறு விட்டதில்லை அவள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மீன் தொட மாட்டாள், மழையில் நனைந்துகொண்டு பாட்டுப் பழக்கத்துக்குப் போவாள், மேலே மேலே ஏறும் அவள் குரலைக் கேட்டு கோபுரத்துப் புறாக்கள் இடம் மாறி உட்காரும். கட்டுரைக்காரர்கள் சொல்வது போலப் பார்த்தால் அவள் இன்னும் இருக்க வேண்டும். ரத்தத்தில் வந்த நோய், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தது. கடைசியில் யாரோ ஒரு சுகமளிக்கும் கூட்டத்துப் பிரசங்கியார் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, இந்த வீட்டில் விசுவாசம் குறைவு என்றார். பியூலா காதில் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், நான்தான் அந்த மனுஷனை வாசல் வரை கொண்டு போய் விட்டேன், அவர் குடையை அவர் கையில் கொடுத்து, இனிமேல் இந்தத் தெருவுக்கு வர வேண்டாம் என்று சொல்லி. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். சுகமாயிருப்பது ஜெபத்துக்குக் கிடைத்த கூலி என்றால் சீக்கு என்பது தண்டனை என்று ஆகிவிடும், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், எந்தக் கட்டுரைக்காகவும். டானிக் குடிப்பது போல யாரும் இந்தக் கிண்ணத்தைக் குடிப்பதில்லை. அவள் போன அடுத்த ஞாயிறு நான் கோவிலுக்கு வந்தேன், அவளுடைய இடத்தை விட்டு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தேன், பாடினேன். ஆயுளுக்காக வரவில்லை. கோபத்தோடுதான் வந்தேன். கோபத்தை வைத்துக்கொள்ளவும் எனக்கு இதைவிட்டால் வேறு இடம் இல்லை.

"தள்ளி உக்காருட்டி, பாதி பெஞ்சு உனக்கா?" என்று அப்போது யாரும் என்னை இடிக்கவில்லை. இன்று இடிக்கிறாள் ஜெபக்கனி. எப்போதும் இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவள், இன்று ஆராதனை தொடங்கிய பிறகு எழுந்து வந்து என் தோளோடு தோளாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அங்க ஃபேன் காத்தே வரல" என்றாள். அவள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் மேலேயே ஒரு ஃபேன் சுற்றுகிறது. இதைச் சொல்லிக் காட்ட வாயெடுத்தேன், அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கோவிலுக்குள் நுழையும்போதே வம்புக்கு இழுத்தவள்தான். "மவன் வந்து கூட்டிட்டுப் போகப் போறானாமே? போயிட்டு வா. ஆல்டோவுக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்." "ஆல்டோ என்ன வாழைக்காயா, சந்தையில பாத்து எடுக்க?" என்றேன். "ஒன் ஆல்டோ யாருக்குக் கேக்குது? இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். பெண்கள் சங்கப் பாட்டுக்குழுவில் அவள் மேல் குரல், நான் ஆல்டோ, கீழ்க் குரல். மேல் குரலுக்குத்தான் எப்போதும் பேர். பியூலா இருந்த இடத்தில் ஜெபக்கனி வந்து நின்றபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. பியூலாவின் குரல் ஏறும், இவள் குரல் கூரையைப் போய் முட்டும். தலைமையாசிரியர் பெண்டாட்டியாக வாழ்ந்த காலத்தில் வந்த அதிகாரம், புருஷன் போன பிறகும் குரலை விட்டுப் போகவில்லை.

ஆனால் போன மாதம் வந்தவள் இவள்தானே. அந்த மத்தியானம், பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நான் வழுக்கி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். வலி கூடப் பெரிதில்லை. எழும்பலாம் என்று கையை ஊன்றினேன், உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான். முழங்கால் என் முழங்கால் போலவே இல்லை, யாரோ என் சேலைக்குள் வைத்துவிட்டுப் போன கல் மாதிரி. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, அதற்கு ஒரு தாளம் இருந்தது, தாளத்துக்குள் நான் வார்த்தை போட்டுப் பார்த்தேன், போட்ட வார்த்தையெல்லாம் பயமாகவே வந்தது. நிழல் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இப்படியே இருட்டிவிட்டால்? இப்படியே விடிந்துவிட்டால்? யார் தேடுவார்கள், ராபின் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் கூப்பிடுவான். அப்போதுதான் வாசல் கேட் படீர் என்று அடித்தது, பின்னாலேயே அந்தக் குரல், கூரையை முட்டும் அதே குரல்: "ஏட்டி ஹில்டா! பழக்கத்துக்கு வரணும்னு தெரியாதா? எல்லாரும் பாடுதோம், அடியில ஒண்ணுமே இல்ல, ஓட்டைக் குடத்துல கத்துன மாதிரி இருக்கு! எங்க போய்த் தொலைஞ்ச?" அப்படித் திட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்கட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டு நின்றது. பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள், சேலையை உதறிவிட்டார்கள். ஆல்டோ பாடினால் கேட்பதில்லை, பாடாவிட்டால் கேட்கிறது. அதை இவள் கேட்டிருக்கிறாள். நான் இதுவரை அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சொன்னால் அந்த முகத்தில் வரக்கூடிய வெற்றிச் சிரிப்பை நினைத்தாலே எனக்கு வாய் மூடிக்கொள்கிறது. கோயம்புத்தூரிலும் சர்ச் இருக்கும்மா, பெரிய சர்ச், லிஃப்ட் எல்லாம் உண்டு என்கிறான் ராபின். இருக்கட்டும். லிஃப்ட்டில் ஏறிப் போய்க் கடைசி வரிசையில் நான் பாடாமல் உட்கார்ந்திருந்தால், அந்தப் பெரிய சர்ச்சில் யாருக்குப் பாட்டு ஓட்டையாகக் கேட்கும்?

பெஞ்சு எழும்புகிறது. எங்கள் பெஞ்சு. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்து எழும்பியாயிற்று, இது எளிது, நிற்கிறதிலிருந்து நடக்கிறது எளிது, நான் நடப்பதைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது, முதுகு வளையாமல், கைக்குட்டையை இடது கையில் சுருட்டி, கல்லூரி வராந்தாவில் நடந்த அதே நடை. தரை ஜில்லென்று உள்ளங்காலில் படுகிறது. ஜன்னல் கண்ணாடியின் நீலம் கிராதி மேல் சிந்திக் கிடக்கிறது. பின்னால் ஜெபக்கனியின் மூச்சு. ராபின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது, பார்க்காமலேயே தெரிகிறது. கிராதி. தேக்கு வழுவழுப்பாக இருக்கிறது, எத்தனை தலைமுறைக் கைகள், பியூலாவின் கையும் இதற்குள் எங்கோ. முதலில் இடது கால், பிறகு, மெதுவாக, கோபித்துக்கொள்ளாதே, வலது. மெத்தை அமுங்குகிறது. ஒரு நெருப்புத் துணுக்கு முழங்காலுக்குள் சுண்டிவிட்டு அடங்குகிறது. இறங்கிவிட்டேன். ஐயர் வருகிறார், அங்கியின் ஓரம் என் விரலைத் தொடுகிறது, அப்பம் நாக்கில் காகிதம் போல ஒட்டி, கரைந்து, பிறகு கிண்ணத்தின் குளிர்ந்த விளிம்பு, புளிப்பு, இனிப்பு. ஒரு நொடி எல்லாம் அமைதியாக இருக்கிறது. கோபம்கூட என் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு முழங்கால் போட்டிருக்கிறது. இதற்குத்தான் வருகிறேன் போல, இந்த ஒரு நொடிக்கு, இது ஆயுசு கூடுவதற்கும் குறைவதற்கும் அப்பால் உள்ளது. ஐயர் திரும்புகிறார். கை உயர்கிறது.

பந்தி எழும்புகிறது. சேலைகளின் சரசரப்பு இரண்டு பக்கமும் மேலே போகிறது, நான் கிராதியை அழுத்துகிறேன், இடது பாதத்தை ஊன்றுகிறேன், மேலே, மேலே, இல்லை. துவைக்கிற கல் திரும்பி வந்துவிட்டது, என் சேலைக்குள் அதே கல். இன்னொரு தடவை. நெற்றியில் முக்காடு ஈரமாக ஒட்டுகிறது. ஐயர் காத்திருக்கிறார், அவர் உதட்டு ஓரத்தில் அந்தச் சிரிப்பு மெல்லத் தொடங்குகிறது, ஃபேனுக்கடியில் உள்ள பெஞ்சுக்கான சிரிப்பு, வேண்டாம், என் மேல் வேண்டாம். குழாய் சொட்டுகிறது, இங்கே குழாய் இல்லை, என் காதுக்குள் சொட்டுகிறது. அந்தப் பக்கம் பெஞ்சு கிரீச்சிடுகிறது, ராபின் எழுந்துவிட்டான், வந்துவிடுவான். அப்போதுதான் பார்க்கிறேன், வலது பக்கம் ஒரு முக்காடு இன்னும் கீழேயே இருக்கிறது. ஜெபக்கனி எழும்பவில்லை. "ஏட்டி" என்கிறாள், உதடு அசையாமல், "கால் மரத்துப்போச்சுட்டி எனக்கு. கையைக் குடு. சபை பாக்குது, மானம் போவுது." யோசிக்க நேரம் எங்கே. கையைக் கொடுத்தேன், அவள் பிடித்தாள், மோதிரம் என் விரலெலும்பில் பதிந்தது, அவளை இழுக்கிறேன், இழுக்க வேண்டுமென்றால் நான் ஊன்ற வேண்டும், ஊன்றினேன், கல் நகர்ந்தது, இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பாரத்தைப் போட்டுக்கொண்டு, சேலையும் முக்காடும் சிக்கி, மூச்சு முட்டி, நிற்கிறோம். நிற்கிறோம். ஐயர் சிரிக்கவில்லை. அடுத்த பந்தி நகர்கிறது.

வாசல் படியில் வெயில் முகத்தில் அறைகிறது. ராபின் முன்னாலேயே வந்து நிற்கிறான். "அம்மா, ஜெபக்கனி ஆன்ட்டிதான உங்களைத் தூக்கிவிட்டாங்க?" நான் வாய் திறப்பதற்குள் அவள் புகுந்துவிட்டாள். "யாரு, நானா? நல்லாருக்கே கதை. உங்க அம்மைதான் என்னைத் தூக்குனா. கால் கட்டையாப் போச்சு எனக்கு. அவ இல்லன்னா அங்கனயே குத்துக்கல்லாக் கிடந்திருப்பேன்." சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தொடாமல், படிகளில் டக் டக்கென்று இறங்கிப் போகிறாள், கோழிக்குஞ்சைத் துரத்துகிறவள் போல. ராபின் அந்தக் கால்களையே பார்க்கிறான். நானும் பார்க்கிறேன். மரத்துப்போன கால்களா அவை? இரண்டு பெஞ்சு பின்னால் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், காற்று வரவில்லை என்றவள். ஆமாம், நான்தான் தூக்கினேன் என்று சொன்னால் பேச்சு முடிந்தது, வீடு என் வீடு. ஆனால் அவள் விட்டுக்கொடுத்த இடத்தில் நான் ஜெயித்தவளாக நிற்க மாட்டேன். அவள் தூக்கினாள் என்று சொல்லிக் காரில் ஏறவும் மாட்டேன், அது அவள் செய்ததையே கெடுப்பதாகிவிடும். "அவ என்னைத் தூக்கல" என்றேன். "நானும் அவளைத் தூக்கல. ரெண்டு பேரும் எழும்பினோம்." "அம்மா, யார் துணையும் இல்லாமன்னுதான பேச்சு? இது கணக்குல வராதும்மா." "கணக்கு என் பாடம்டே" என்றேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில். "உன் கட்டுரையில ஏதோ மிச்சம்னியே. இப்ப கண்ணால பாத்தல்லா? எழுதிக்கோ." அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "அப்ப உங்க வீட்டுக்கே வண்டியை விடவா?" என்றான் கடைசியில். "வேற எங்க?" கீழேயிருந்து கூரையை முட்டும் குரல், கூரையில்லாத வெளியில் இன்னும் மேலே ஏறி வருகிறது: "ஏட்டி! சனிக்கிழமை நேரத்துக்கு வந்து சேரு! இல்லன்னா வீட்டுக்கு வந்துருவேன்!" "நீ கத்துறதைக் குறை, நான் இருக்கிறது கேக்கும்" என்று நானும் கத்தினேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். விரலில் அவள் மோதிரம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. ராபின் கையை நீட்டுகிறான். பிடித்துக்கொள்கிறேன், இறங்குவதற்கு மட்டும். எழும்புவதற்கு எனக்கு இங்கே ஆள் இருக்கிறது.